தண்ணீர் கேன் கடையிலிருந்து ஓர் இணைய நிறுவனம்: ஸ்டார்ட்அப் தொடங்க முழுமையான வழிகாட்டி

மதுரை வில்லாபுரத்தில் உள்ள ஒரு தண்ணீர் கேன் கடையின் கணக்கு நோட்டு என் மேசையில் இருக்கிறது. கடைக்கார அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்தது. நீள நோட்டு, ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு உப்பிப் போயிருக்கிறது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் 'மாடி வீட்டு டீச்சர் 2, எம்டி 1', 'ஜெராக்ஸ் கடை 3, எம்டி 0, பாக்கி 240' என்று வரிசையாக எழுதியிருக்கும். எம்டி என்றால் திரும்ப வந்த காலி கேன்.

இந்த நோட்டைப் படிப்பதற்கு முன்னால் நானும் நண்பனும் எட்டு மாதம் செலவழித்து ஒரு செயலி கட்டியிருந்தோம். வீட்டில் இருந்தபடியே தண்ணீர் கேன் ஆர்டர் செய்யலாம், கேன் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். பார்க்க அழகாக இருந்தது. ஒருமுறை எங்கள் சர்வர் ஒன்பது நாள் நின்றுபோனது. ஒருவர்கூட போன் செய்யவில்லை. பத்தாம் நாள் வேறு வேலையாக உள்ளே போனபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

இணையத்தில் புதிதாக ஒரு தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் அன்று செய்திருக்க வேண்டிய வரிசை இது. தண்ணீர் கேனையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் மனதில் இருப்பது டியூஷன் சென்டரோ, தையல் கடையோ, வாடகை பாத்திரக் கடையோ, அதை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: யாருடைய நோட்டு என்று கண்டுபிடியுங்கள்

யோசனையில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் யார் எதைக் கையால் எழுதுகிறார்கள், எதற்காகத் திரும்பத் திரும்ப போன் செய்கிறார்கள், எங்கே காசு தொலைகிறது என்று பாருங்கள். நோட்டு, வாட்ஸ்அப் குழு, சட்டைப் பையில் மடித்து வைத்த துண்டுச் சீட்டு ஆகிய மூன்றில் ஒன்றில் உங்கள் தொழில் இருக்கும்.

இதைப் பார்க்க ஒரு நாள் போதாது. நான் அந்தக் கடையில் நான்கு நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க அவர் என்னை விருந்தாளி மாதிரி நடத்தி டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாள் மதியம்தான் என்னை மறந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது தெரிந்தது, ஆர்டர் எடுப்பதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. வாடிக்கையாளர் போன் செய்கிறார், 'ரெண்டு கேன் போடுங்க' என்கிறார், பத்து வினாடியில் முடிகிறது. அதைவிட வேகமாக எந்தச் செயலியிலும் ஆர்டர் போட முடியாது.

அவருடைய கவலை வேறு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எம்டி கேன்களை எண்ணுவார். காலையில் போனது 180, திரும்பி வந்தது 171 என்றால் மீதி ஒன்பது எந்த வீட்டில்? புது கேன் ஒன்று 150 ரூபாய்க்கு மேல். ஒரு கேன் விற்றால் அவருக்கு நிற்பது 10, 12 ரூபாய். ஒரு கேன் தொலைந்தால் பதினைந்து கேன் விற்ற லாபம் போய்விடும். நாங்கள் எட்டு மாதம் கட்டிய செயலியில் எம்டி கேன் என்ற சொல்லே கிடையாது.

இன்று பெரிய பெயராகிவிட்ட நிறுவனங்களும் இப்படித்தான் நெருங்கிப் பார்த்த இடத்தில் இருந்து வந்திருக்கின்றன. முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் தமிழ் நாட்காட்டி உட்படப் பல பகுதிகள் இருந்தன, வரன் பகுதி அவற்றில் ஒன்று. மக்கள் அதிகம் வந்தது அந்த வரன் பகுதிக்கு. அதைக் கவனித்துத் தனியாகப் பிரித்தார். அதுதான் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்து, 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. ஏற்கெனவே உங்களிடம் ஒரு தளமோ, யூடியூப் சேனலோ, வாட்ஸ்அப் குழுவோ இருந்தால், நீங்கள் எதற்காக அதை ஆரம்பித்தீர்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்கள் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாம் படி: இருபது பேரிடம் பேசுங்கள், நடந்ததை மட்டும் கேளுங்கள்

ஒரு கடையில் பார்த்தது அந்தக் கடையின் பழக்கமாக மட்டும் இருக்கலாம். அதனால் குறைந்தது இருபது பேரையாவது பாருங்கள். கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். 'இப்படி ஒரு சாஃப்ட்வேர் வந்தா வாங்குவீங்களா?' என்று கேட்டால் நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். 'நல்லா இருக்கு தம்பி, பண்ணுங்க' என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பித்தான் நாங்கள் எட்டு மாதம் உழைத்தோம்.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். போன மாதம் எத்தனை கேன் தொலைந்தது? கடைசியாகத் தொலைந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதைத் தடுக்க என்ன செய்து பார்த்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். கேனில் பெயின்ட்டால் எண் எழுதினேன், பையனுக்குச் சம்பளத்தில் பிடித்தேன், கணக்கு எழுத ஓர் ஆளை வைத்தேன் என்று பதில் வந்தால், அந்தப் பிரச்சினைக்கு அவர் ஏற்கெனவே காசு செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒன்றுமே செய்து பார்த்ததில்லை என்றால் அது அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தப் பிரச்சினையை விட்டுவிடுங்கள்.

பேசி முடித்த உடனே, தெருமுனையில் வண்டியை நிறுத்தியாவது, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். பின்னால் உங்கள் விளம்பர வாசகமும் செயலியின் பொத்தான்களும் இந்தச் சொற்களில்தான் இருக்கப்போகின்றன. பிறகு கட்டிய புதுச் செயலியில் முதலில் 'ரிட்டர்ன் இன்வென்டரி' என்று இருந்ததை 'எம்டி' என்று மாற்றிய பிறகு, சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம் பாதியாகக் குறைந்தது.

மூன்றாம் படி: கட்டுவதற்கு முன்னால் கையால் செய்து காட்டுங்கள்

மென்பொருள் எழுதாமலே சேவையை ஒரு மாதம் நடத்த முடியுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் முடியும். மூன்று கடைகளிடம், தினமும் ராத்திரி அந்த நாளின் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். நாங்கள் உட்கார்ந்து அதைக் கூகுள் ஷீட்டில் ஏற்றி, எந்த வீட்டில் எத்தனை கேன் நிற்கிறது என்று காலை ஐந்தரைக்குள் பட்டியல் அனுப்பினோம். மாதம் 300 ரூபாய் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். இரண்டு பேர் கொடுத்தார்கள். மூன்றாமவர் தரவில்லை. ஏன் தரவில்லை என்று கேட்டதில், அவருடைய கடையில் கேனுக்கு முன்பணம் வாங்காமல் கேனே கொடுப்பதில்லை, அதனால் கேன் தொலைவது அவருக்குக் கவலையே இல்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் முன்பணம் வாங்காத கடைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். ஒரு மாத வேலையில் இவ்வளவு தெளிவு கிடைத்தது.

இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ்ஸின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பனீந்திர சாமா 2005 தீபாவளிக்குப் பெங்களூரில் இருந்து ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் தவித்தார். எந்த பஸ்ஸில் இடம் இருக்கிறது என்று எந்த ஏஜென்ட்டுக்கும் முழுதாகத் தெரியவில்லை. நண்பர்களோடு சேர்ந்து முதலில் பஸ் முதலாளிகளுக்காக மென்பொருள் எழுதினார். அவர்கள் அக்கறை காட்டவில்லை. அதன் பிறகு, சில சீட்டுகளை மட்டும் எங்களிடம் கொடுங்கள், விற்றுத் தருகிறோம் என்று கேட்டார்கள். விற்றுக் காட்டியதும் கதவு திறந்தது. 2006-ல் தொடங்கிய நிறுவனத்தை 2013-ல் இபிபோ குழுமம் வாங்கியது. பஸ் முதலாளிக்கு மென்பொருளைவிட நிரம்பிய சீட்டு புரிகிறது. உங்கள் வாடிக்கையாளருக்குப் புரியும் அந்த ஒன்று எதுவென்று கண்டுபிடித்து, அதை முதலில் கையில் கொடுங்கள்.

நான்காம் படி: ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் போடுங்கள்

பலரும் தவிர்க்கும் வேலை இது. ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். எங்கள் கணக்கையே தருகிறேன்.

ஒரு கடைக்கு மாதம் 400 ரூபாய் விலை வைத்தோம். சர்வர், செய்தி அனுப்பும் கட்டணம், போனில் உதவி எல்லாம் சேர்த்து ஒரு கடைக்கு மாதம் 120 ரூபாய் செலவு. மீதி 280. கடையைச் சேர்ப்பதற்கு ஆள் நேரில் போக வேண்டும். மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவர் 20 கடைகளைச் சேர்த்தால் கடைக்கு 1,250, பெட்ரோல் 250, ஆக 1,500. இந்த 1,500 ரூபாயை 280, 280 ஆகத் திரும்ப எடுக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். கடைக்காரர் நான்காம் மாதமே நிறுத்திவிட்டால் நமக்கு 380 ரூபாய் நஷ்டம். இரண்டு வருடம் தொடர்ந்தால் 5,220 ரூபாய் நிற்கும்.

இந்தக் கணக்கு மூன்று விஷயங்களைச் சொன்னது. புதுக் கடை சேர்ப்பதைவிட, சேர்ந்த கடை போகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. 100 கடை சேர்ந்தாலும் மாதம் 28,000 ரூபாய்தான், இரண்டு பேர் பிழைக்கக் காணாது. ஆகவே 1,000 கடைகளை எட்ட முடியுமா என்று இப்போதே பார்க்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவதற்குப் பதிலாக வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். அந்த வழியை ஏழாம் படியில் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு வேலையைச் செய்யும் முதல் வடிவம்

இப்போது கட்டலாம். ஒரே ஒரு வேலையைச் செய்தால் போதும். எங்கள் முதல் வடிவத்தில் ஒரே திரை: வீட்டின் பெயர், போட்டது எத்தனை, எம்டி எத்தனை. கேன் போடும் பையன் தோளில் ஒரு கேனோடு மூன்றாம் மாடியில் நிற்கிறான். ஒரு கை ஈரமாக இருக்கும். போன் பழைய ஆண்ட்ராய்டு, திரையில் கீறல். படிக்கட்டில் சிக்னல் இருக்காது. எனவே பொத்தான்கள் பெரிதாக, தமிழில், கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிக்னல் இல்லாதபோது போனிலேயே சேமித்து, கிடைத்ததும் அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் சரியாகச் செய்ய ஆறு வாரம் ஆனது. கடவுச்சொல், ரிப்போர்ட், வரைபடம் எதையும் அப்போது தொடவில்லை.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் இதைப் படித்துத் தயங்க வேண்டாம். கூகுள் ஷீட், கூகுள் ஃபார்ம், வாட்ஸ்அப் பிசினஸ் மூன்றையும் வைத்து ஐம்பது வாடிக்கையாளர் வரை ஓட்டலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது சிறு செயலிகளை எழுதிக் கொடுக்கின்றன. ஆனால் மாடிப்படியில் சிக்னல் இருக்காது என்பதை நீங்கள்தான் அவற்றுக்குச் சொல்ல வேண்டும்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் எண்ணை நீங்கள் சேமிக்கிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. இந்தியாவில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள், கேட்டதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஒரு தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கேன் கணக்கை வைத்தே தெரிந்துவிடும். அது நம்மை நம்பிக் கொடுத்தது.

ஆறாம் படி: கூட்டாளியும் காகிதமும்

நண்பர்கள் சேர்ந்து தொடங்கும்போது பங்கைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். நாங்களும் பாதிப் பாதி என்று வாய்வார்த்தையாக வைத்துக்கொண்டோம். பதினோராம் மாதம் நண்பனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனான். பாதிப் பங்கு அவன் பெயரில், முழு வேலை என் தலையில். நல்ல மனிதன் என்பதால் பேசித் தீர்த்தோம், ஆனாலும் தீரும் வரை ஆறு மாதம் இருவருக்கும் தூக்கம் இல்லை. இதற்கு ஏற்பட்ட வழி இருக்கிறது. பங்கு முழுவதும் முதல் நாளே சொந்தமாகாமல், நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றும் கிடையாது. இப்படி ஓர் ஒப்பந்தத்தை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பதிவு விஷயத்துக்கு வருவோம். முதல் பத்து வாடிக்கையாளர் வரைக்கும் தனி உரிமையாளர் நிறுவனமாக, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவோடு நடத்தலாம். உத்யம் இணையத்திலேயே இலவசம். கூட்டாளி வந்தால், அல்லது முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால், பிரைவேட் லிமிடெட் வேண்டும். குறைந்தது இரண்டு இயக்குநர்கள், இரண்டு பங்குதாரர்கள் தேவை. நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் பெயர், பான் எல்லாம் ஒன்றாகக் கிடைத்துவிடும். பதிவான 30 நாளுக்குள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும், 180 நாளுக்குள் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் தணிக்கை கட்டாயம். ஆடிட்டர் செலவுக்குப் பணம் ஒதுக்க முடியாத நிலையில் கம்பெனி பதிவு செய்வது சுமையாகிவிடும்.

சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மென்பொருள் சந்தாவுக்கு 18 சதவீதம். மற்றவர்களின் பொருளை உங்கள் தளத்தில் விற்று, காசை நீங்கள் வசூலித்துக் கொடுப்பதாக இருந்தால் இந்த 20 லட்ச வரம்பு உங்களுக்குப் பொருந்தாது, முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். ஆரம்பிக்கும் முன் ஆடிட்டரிடம் இதை ஒரு வார்த்தை கேளுங்கள். பெயருக்கு வணிகச்சின்னம் பதிவு செய்ய தனிநபர்களுக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகைக்கு) 4,500 ரூபாய். டொமைன் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பெயரை ஏற்கெனவே வேறொருவர் பதிந்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

ஏழாம் படி: முதல் நூறு வாடிக்கையாளர்

பேஸ்புக்கில் விளம்பரம் போட்டுப் பார்த்தோம். கேன் கடைக்காரர்கள் யாரும் வரவில்லை. எல்லாக் கடைக்காரர்களும் தினமும் வந்து போகும் ஓர் இடம் இருக்க வேண்டுமே என்று யோசித்தபோதுதான், தண்ணீரைச் சுத்திகரித்துக் கேனில் நிரப்பும் ஆர்ஓ பிளான்ட் நினைவுக்கு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பிளான்ட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்றேன். குட்டி யானை வண்டிகள் வரிசையாக நின்றன. கேன் நிரம்பி ஏற்றி முடியும் வரை ஒவ்வொருவரும் இருபது நிமிடம் சும்மா நிற்கிறார்கள். அந்த இருபது நிமிடம் எங்களுக்குப் போதும். நான்கு பிளான்ட்களில் மாறி மாறி நின்று, இரண்டரை மாதத்தில் 100 கடைகள் சேர்ந்தன. முன்பு ஒரு கடைக்கு 1,500 ஆன செலவு 400-க்கு இறங்கியது.

உங்கள் வாடிக்கையாளர்கள் கூடி நிற்கும் இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். தையல் கடைக்காரர்கள் நூல், பட்டன் வாங்கும் மொத்தக் கடைக்குப் போவார்கள், மெக்கானிக்குகள் உதிரிபாகக் கடைக்குப் போவார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்பவர்களுக்கும் இது பொருந்தும். கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கிய சமயத்தில், அதே தொழிலில் இருந்த ஜென்டெஸ்க் திடீரென்று விலையை ஏற்றியதால் அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்துத்தான் இங்கே இடம் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

பணம் வாங்குவது இப்போது எளிது. யுபிஐ பணப் பரிமாற்றத்துக்கு வணிகர் கட்டணம் 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. மாதச் சந்தாவுக்கு யுபிஐ ஆட்டோபே உண்டு. கடைக்காரர்கள் பலர் தானாகக் காசு போவதை விரும்ப மாட்டார்கள். அவர்களுக்கு மாதம் முதல் வாரத்தில் க்யூஆர் அனுப்பினால் போதும். இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு பின்னால் காசு கேட்பது எனக்குச் சரிப்படவில்லை. பதினைந்து நாள் சும்மா கொடுங்கள், பதினாறாம் நாள் காசு கேளுங்கள்.

எட்டாம் படி: வெளியார் பணம்

சென்னையில் இரண்டு பாதைக்கும் உதாரணம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஜோஹோ, வெளி முதலீட்டாளர்கள் இல்லாமலே வளர்ந்து தென்காசிப் பக்கம் வரை அலுவலகம் போட்டது. மேலே சொன்ன ஃப்ரெஷ்டெஸ்க், பின்னால் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, முதலீடு வாங்கி வேகமாக வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. எது உங்களுக்கு என்பதை உங்கள் நான்காம் படிக் கணக்கு சொல்லும். முதலீட்டாளர் கொடுக்கும் பணம் பல மடங்காகத் திரும்ப வேண்டும். சில ஆயிரம் கடைகளோடு முடிகிற ஒரு தொழிலால் அவருடைய எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடியாது, அந்தத் தொழில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி. நாங்கள் வாங்கவில்லை. இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அரசு வழியும் இருக்கிறது. 2016 ஜனவரியில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தில் பதிவு செய்து அங்கீகாரம் வாங்கலாம். தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு டான்சீட் என்ற பெயரில் ஆரம்ப நிலை நிறுவனங்களுக்குப் பணம் தருகிறது. மதுரை, திருநெல்வேலி, ஈரோடு ஆகிய ஊர்களிலும் அதன் வட்டார மையங்கள் உண்டு. விண்ணப்பத்தில் உங்கள் கனவைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவதைவிட, காசு கொடுத்த இருபது வாடிக்கையாளர்களின் கணக்கை ஒரு பக்கத்தில் வைப்பது அதிகம் உதவும்.

ஒன்பதாம் படி: தொடரலாமா என்று பார்ப்பது

ஆறு மாதம் ஆனதும் ஒரு கேள்வி வரும்: இது ஓடுகிறதா, இல்லை நாம்தான் தள்ளிக்கொண்டிருக்கிறோமா? எத்தனை பேர் பதிவிறக்கம் செய்தார்கள் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் இரண்டைப் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்த மாதமும் காசு கொடுத்தார்கள், நேற்று எத்தனை கடைகள் எம்டி கணக்கு போட்டன. இரண்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் திரும்ப முதல் படிக்குப் போய் இன்னொரு கடையில் நான்கு நாள் உட்காருங்கள்.

புதிய வடிவம் வந்த ஏழாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6:10-க்கு எங்கள் சர்வர் மறுபடியும் நின்றது. 6:14-க்கு முதல் போன். 'தம்பி, நேத்து எம்டி காட்ட மாட்டேங்குது, பையன் வண்டியில ஏறிட்டான், எந்த வீட்டுல கேக்கணும்னு தெரியல' என்றார் வில்லாபுரத்து அண்ணன். நாற்பது நிமிடத்தில் சர்வரைச் சரிசெய்வதற்குள் பதினொரு கடைகளில் இருந்து போன் வந்துவிட்டது. யார் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எந்த வேலை நின்றுபோனது என்று சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைத்தேன். பதினொரு பேரில் எட்டுப் பேர் கேட்டது முந்தைய நாளின் எம்டி பட்டியலை. அடுத்த வாரமே அந்தப் பட்டியல் சர்வர் நின்றாலும் போனிலேயே இருக்கும்படி மாற்றினோம்.